ரேடியோ பேசட்டும்

கஸ்தூரியம்மாள் மார்பில் அறைந்துகொண்டு முதல் ஓலத்துக்கு வாயைத் திறந்தாள். இருசம்மாள் எட்டி அந்த வாயைப் பொத்தினாள். பொத்திய வேகத்தில் கஸ்தூரியின் மூக்குத்தி உள்ளங்கையில் குத்தியது. அப்படியும் கையை எடுக்கவில்லை.

"அழாதக்கா."

கஸ்தூரி அவள் கையைப் பிடித்து உதறினாள். "ஏண்டி, பேய் கீய் புடிச்சிக்கிச்சா உனக்கு? எங்கொழுந்தன் கட்டையா கெடக்கறான், அழாதன்றியே!"

"கெடக்கறது எம்புருசன்தானே? எனக்குத் தெரியாதா? நீ அழாத. யாரும் அழக் கூடாது. சத்தம் வெளிய போவக் கூடாது."

பாயில் கண்ணப்பன் மல்லாந்து கிடந்தான். நெற்றி வியர்வை இன்னும் காயவில்லை. அடுப்பில் சுக்குத் தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. மாரை அடைக்கிறது, சுக்கு தட்டிப்போட்டுத் தண்ணீர் வை என்று வந்து படுத்தவன், அது கொதி வருவதற்குள் போய்விட்டான். அவ்வளவுதான் கண்ணப்பனின் சாவு. ஒரு ஆள் செத்துப்போக இவ்வளவு சுருக்கமான நேரம் போதுமா என்று இருசம்மாளுக்கு ஆத்திரமாக வந்தது. அழுகை வரவில்லை. வந்தாலும் இப்போது அதற்கு நேரமில்லை.

விஷயம் பரவி அக்கம்பக்கத்துப் பெண்கள் வாசலில் கூட ஆரம்பித்திருந்தார்கள். இருசம்மாள் வெளியே பாய்ந்தாள்.

"உள்ள வாங்க. எல்லாம் உள்ள வாங்க. வாசல்ல யாரும் நிக்காதீங்க."

"உள்ள எங்கடி எடம்?"

"நெருக்கிக்கினு ஒக்காருங்க. இல்லன்னா வூட்டுக்குப் போயி அப்பறமா வாங்க. வெளிய கும்பல் தெரியக் கூடாது."

பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். சாவு வீட்டுக்கு வந்தவர்களைப் பிறகு வா என்று விரட்டியவளை அந்தக் குப்பம் அதுவரை கண்டதில்லை. புருஷன் போன அதிர்ச்சியில் மூளை பிசகிவிட்டது என்று ஒருத்தி முணுமுணுத்தாள். பிசகட்டும். இருசம்மாள் அண்ணாந்து வடக்கே பார்த்தாள்.

கூரைகளுக்கும் சவுக்குகளுக்கும் மேலே ரேடியோ கம்பம் நின்றது. சிவப்பும் வெள்ளையுமாய்ப் பெயிண்ட் அடித்த ஒற்றை இரும்பு. நாலா பக்கமும் இழுத்துக் கட்டிய கம்பிக் கயிறுகள். ஏரிக்கும் கடலுக்கும் நடுவிலிருக்கும் மணல்திட்டில், குப்பத்திலிருந்து கூப்பிடு தூரம் தாண்டி அது இருந்தது. கடலுக்குப் போகிறவர்களுக்குக் காற்று மழை சொல்வதற்கென்றே வைத்த ஸ்டேஷன். கண்ணப்பனுக்கு அங்கே கம்பம் ஏறுகிற வேலை. உச்சியில் விளக்கு மாற்றுவான், கயிறு பார்ப்பான், துரு சுரண்டுவான். இன்றைக்குக் கம்பத்தின் மேல்பாதி மேகத்துக்குள் போய்விட்டிருந்தது. ஐப்பசி மாத மேகம், சாம்பலைக் கரைத்து ஊற்றிய மாதிரி.

அந்த மேகத்துக்குள் அவள் மகன் மாசிலாமணி இருந்தான்.

அதுதான் விஷயம். கண்ணப்பன் படுத்ததும் சொன்ன முதல் பேச்சே அதுதான். "மேல மாசி கீறான். என்னால ஏற முடியல, மூச்சு வாங்கிச்சு, அவன ஏத்தி உட்டுட்டு வந்தேன். யாராண்டயும் சொல்லாத, அவன் ஸ்டேஷன் ஆளு இல்ல, தெரிஞ்சா என் வேல பூடும்." பிறகு இடுப்பைத் தொட்டுக் காட்டினான். "அவன் எறங்கறவரைக்கும் யார் கேட்டாலும் இத குடுக்காத."

இடுப்பில் அரைஞாண் கயிறு. கயிற்றில் கோத்த சாவி.

அந்தச் சாவியின் கதை குப்பத்தில் எல்லாருக்கும் தெரியும். ஸ்டேஷன் வந்த புதிதில் சாவியெல்லாம் கிடையாது. பெயிண்ட் அடிக்க வெளியூரிலிருந்து ஒருவன் வந்தான். அவன் மேலே இருப்பது தெரியாமல் கீழே மெஷினைப் போட்டுவிட்டார்கள். ரேடியோ ஓடும்போது அந்தக் கம்பம் முழுக்க உயிர், கரண்டு பாயும். மேலே இருக்கிறவன் பக்கத்துக் கயிற்றைத் தொட்டால் தொட்ட கை வெந்துபோகும். இறங்கும்போது ஒரு கால் கம்பத்திலும் ஒரு கால் மண்ணிலும் வைத்தால் ஆளே மிஞ்சமாட்டான். அந்தப் பெயிண்ட்காரன் கயிற்றைத் தொட்டான். கை பொத்துப்போனதில் பயந்து பிடியை விட்டான். கண்ணப்பன்தான் ஓடிப்போய் அவனை மணலிலிருந்து தூக்கினான். அன்று ராத்திரி சோறு வேண்டாம் என்று படுத்தவன் மறுநாளும் சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகுதான் சாவி வந்தது. மெஷினில் அந்தச் சாவியைப் போட்டுத் திருப்பினால்தான் கம்பத்துக்கு உயிர் வரும். கம்பம் ஏறுகிறவன் சாவியைக் கழற்றித் தன்னோடு எடுத்துக்கொண்டு ஏற வேண்டும். மேலே ஆள் இருக்கிறவரை சாவியும் மேலே. என்ன ஒரு நல்ல ஏற்பாடு! போட நினைத்தாலும் போட முடியாது.

ஆனால் மாசிலாமணி பேண்ட் போடுகிற பையன். காலடியில் தரையைப் பெருக்குகிற மாதிரி பெல்பாட்டம். அரைஞாண் கயிறு கட்டமாட்டான், அது கட்டுமரக்காரன் வேஷமாம். போன தடவை அவனிடம் சாவியைக் கொடுத்தபோது ஜேபியிலிருந்து நழுவி மணலில் விழுந்து, மூன்று பேர் சல்லடை போட்டுத் தேடினார்கள். அதனால் கண்ணப்பன் இன்றைக்கு ஒரு காரியம் செய்தான். மகனை மேலே ஏற்றிவிட்டு சாவியைத் தன் இடுப்பிலேயே வைத்துக்கொண்டான். ஜேபியை நம்பாமல் இடுப்பை நம்பினான். கடலில் போகிறவர்களுக்கு அப்படித்தான் பழக்கம், உயிருக்கு ஒப்பான சாமான் எதுவானாலும் இடுப்புக் கயிற்றில். அந்த இடுப்புதான் இப்போது பாயில் கிடக்கிறது.

குப்பன் உள்ளே வந்தான். கஸ்தூரியின் புருஷன், கண்ணப்பனின் அண்ணன். கண் சிவந்திருந்தது. தோளில் துண்டு, கையில் எப்போதும் போல டிரான்சிஸ்டர். அதைக் கீழே வைக்கக்கூட மறந்து வந்திருக்கிறான்.

"மேளத்துக்கு ஆள் அனுப்பணும் இருசா. சங்குக்காரனுக்கும் சொல்லணும். மழ வர்றதுக்குள்ள எடுத்துடணும்."

"மேளம் வேணாம் மாமா. இப்ப வேணாம்."

"இன்னா பேசற நீ?"

இருசம்மாள் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "மாசி கம்பத்து மேல கீறான். அவனுக்குத் தெரியாது. மேளச் சத்தம் கேட்டா இன்னா ஆவான்? மேலேந்து பாத்தா நம்ம வூட்டுக் கோழி மேயறதுகூட தெரியும்னு சொல்லுவான். மேகம் வெலகினா வாசல்ல கும்பலப் பாப்பான். எங்கேயாவது கை உட்டுட்டான்னா..."

முடிக்கவில்லை. முடிக்க வேண்டியும் இருக்கவில்லை. கஸ்தூரி இரண்டு கையாலும் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள். விஷயம் காதுக்குக் காது போயிற்று. அந்தச் சின்னக் கூரைக்குள் அத்தனை பெண்களும் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு பிணத்தைச் சுற்றி உட்கார்ந்தார்கள். உடம்புதான் குலுங்கியது. ஒரு சத்தம் இல்லை. சுக்குத் தண்ணீர் மட்டும் கொதித்துக்கொண்டிருந்தது. இருசம்மாள் போய் அடுப்பை அணைத்தாள்.

அந்த நேரம் பார்த்து வெளியே சைக்கிள் மணி.

"கண்ணப்பண்ணா! சாவிய இடுப்புல கட்டிக்கினு வந்து குறட்ட உடறியா? நல்ல ஆளு நீ! அங்க ரேடியோ ஊமையா கெடக்குது, எஞ்சினீரு போன்ல குதிக்கிறாரு!"

காஜா மைதீன். ஸ்டேஷனில் மெஷின் ஓட்டுகிறவன். பழவேற்காட்டிலிருந்து தினமும் படகில் வந்து போகிறவன், கண்ணப்பனோடு ஒரே தட்டில் சாப்பிடுகிறவன். சிரித்துக்கொண்டே குனிந்து உள்ளே நுழைந்தான். ஒரு அழுகைச் சத்தம் கேட்டிருந்தால் அப்படி வந்திருக்கமாட்டான். பாயைப் பார்த்தான். வாயில் துணி அடைத்த பெண்களைப் பார்த்தான். சிரிப்பு முகத்திலேயே நின்றுவிட்டது, அதை எப்படி எடுப்பது என்று தெரியாமல் விழித்தான்.

"யா அல்லா," என்றான். "அக்கா, எப்ப?"

"இப்பதான் தம்பி. சத்தம் போடாத."

அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். உட்கார்ந்த இரண்டு மூச்சுக்குள் மறுபடி எழுந்தான். அவனுக்கும் நிலைகொள்ளவில்லை. "அக்கா, இந்த நேரத்துல கேக்கறது பாவம். ஆனா கேட்டுத்தான் ஆவணும். புயல் சேதி வந்திருக்குது. கடல்ல யாரும் எறங்கக் கூடாதுன்னு சொல்லணும். சாயங்கால வலைக்கு எல்லாக் குப்பத்துலயும் கெளம்பிடுவாங்க. சாவி இல்லாம ஒண்ணும் ஓடாது."

"சாவி அவரு இடுப்புல கீது. ஆனா தரமாட்டேன். மாசி மேல கீறான்."

"மேல யாருமில்லக்கா! அண்ணன் வூட்டுக்குப் போனத எங்காளு பாத்திருக்கான். மறதியில சாவியோட பூட்டாருன்னுதான்..."

"மேல மாசி கீறான்றேன்! அவரு ஏத்தி உட்டுட்டு வந்தாரு. சொல்லிட்டுத்தான் செத்தாரு."

காஜாவின் முகம் வெளுத்தது. "அடக் கடவுளே. எஞ்சினீரு ஞானதாஸ் சாரு பொன்னேரிலேந்து ஜீப்புல கெளம்பிட்டாரு. அவராண்ட இன்னொரு சாவி கீது. வந்ததும் போட்டுடுவாரு."

இருசம்மாளுக்கு இன்னொரு சாவி இருப்பதே தெரியாது. இவ்வளவு நேரமாக இந்த ஒற்றைச் சாவியைப் பிடித்துக்கொண்டிருந்தால் போதும் என்றல்லவா இருந்தாள்!

"நான் போறேன்," என்றான் காஜா. "போயி தடுக்கறேன். மாசியயும் எறங்கச் சொல்றேன்."

"உன் மூஞ்சப் பாத்தாலே அவனுக்குத் தெரிஞ்சுடும். இப்ப போயி கண்ணாடியப் பாரு. மாமா, மாசி எங்கன்னு யாருனா கேட்டாங்களா? யாருனா தேடப் போனாங்களா?"

குப்பன் துண்டால் முகத்தைத் துடைத்தான். "வேணுவ அனுப்பினேன் இருசா. ஸ்டேஷன்ல இருப்பான், ஒங்க சித்தப்பன் பூட்டாருன்னு சொல்லி இட்டுனு வாடான்னேன். எனக்கு இன்னா தெரியும்?"

வேணு அவன் மகன். இருபது வயது, மெதுவாகப் பேசத் தெரியாத பிள்ளை. கடலில் ஒரு கட்டுமரத்திலிருந்து இன்னொரு மரத்துக்குக் கத்தியே வளர்ந்தவன். அவன் கம்பத்தடியில் போய் நின்று வாயைக் குவித்து ஒரு சத்தம் கொடுத்தால் மேகத்துக்கு மேலேயும் கேட்கும்.

இருசம்மாள் யோசிக்கவில்லை. மீன் அரியும் கத்தியை எடுத்தாள். கண்ணப்பனின் வேட்டியை விலக்கினாள். அரைஞாண் கயிறு இடுப்பில் வெளிறிய தடமாய்ப் பதிந்து கிடந்தது. கஸ்தூரி கையைப் பிடித்தாள்.

"அத நீ அறுக்கக் கூடாதுடி. குளிப்பாட்டறப்ப பங்காளிங்க அறுப்பாங்க. கட்டினவ அறுக்கறதா?"

"பங்காளிங்க வரட்டும்னு நின்னா புள்ள போயிடுவான்."

அறுத்தாள். ஒரே இழுப்பு. கயிறு சாவியோடு கையில் வந்தது. அவள் கையில் எந்த நடுக்கமும் இல்லை. அதைப் பார்த்துத்தான் அங்கிருந்த ஒருத்தி முந்தானையை மீறி விம்மினாள்.

இருசம்மாள் எழுந்து கண்ணாடித் துண்டில் முகம் பார்த்தாள். காலையில் வைத்த பொட்டு அப்படியே இருந்தது. கொண்டையில் கனகாம்பரம் கொஞ்சம் வாடியிருந்தது, அவ்வளவுதான். ஒரு குறையும் இல்லை. தினமும் போகிற மாதிரி ஏதாவது கையில் வேண்டும். சோற்றுச் சட்டியைத் திறக்க நேரமில்லை. அடுப்பில் இருந்த சுக்குத் தண்ணீரை அப்படியே தூக்குவாளியில் ஊற்றி மூடினாள்.

"பொணத்த வுட்டுட்டு பொண்டாட்டி படி தாண்டக் கூடாதுடி இருசா," என்று ஒரு கிழவி குரலில்லாமல் சொன்னாள்.

"தாண்டறேன். வந்து எல்லாத்துக்கும் சேத்து திட்டுங்க." வாசலில் நின்று குப்பனிடம் திரும்பினாள். "மாமா, ரேடியோவ அவரு தலமாட்டுல வையி. போட்டு வையி. சாவிய நான் மாசி கீழ எறங்கின அப்பறம்தான் குடுப்பேன். ரேடியோ பேசினா அவன் மண்ணுல கால் வச்சிட்டான்னு அர்த்தம். பேசட்டும். அப்பறம் அழுங்க. மேளமும் அப்பறந்தான்."

காஜா சைக்கிளைத் திருப்பிக்கொண்டு நின்றான். இருசம்மாள் பின்னால் கேரியரில் ஏறி உட்கார்ந்தாள். செத்தவன் சூடு ஆறாமல் கிடக்க, கட்டினவள் இன்னொருத்தன் சைக்கிளில் ஏறிப் போகிறாள். ஊர் நாளைக்கு இதை எப்படிப் பேசும் என்று அவளுக்குத் தெரியாமலில்லை. ஊர் வாய்க்கு நாளைக்குப் பதில் சொல்லிக்கொள்ளலாம்.

ஏரிக்கரையில் சேறு காய்ந்த தடத்தில் காஜா மூச்சிரைக்க மிதித்தான். மணல் வந்த இடத்தில் இருவரும் இறங்கித் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். தூறல் விழ ஆரம்பித்திருந்தது. ஏரித் தண்ணீர் ஈய நிறத்தில் கிடந்தது, நாரைகள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்து நின்றன. காஜா அழுதுகொண்டே மிதிக்கிறான் என்பது அவன் முதுகிலேயே தெரிந்தது.

"காஜா, அழாத."

"அழலக்கா."

"முதுகு குலுங்குது."

அவன் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துவிட்டு இன்னும் வேகமாக மிதித்தான்.

கம்பத்தைச் சுற்றி முள்வேலி. வேலியருகில் வேணு நிற்பது தூரத்திலேயே தெரிந்தது. தலையை அண்ணாந்து, இரண்டு கையையும் வாயருகில் குவித்துக்கொண்டிருந்தான். இருசம்மாள் ஓடுகிற சைக்கிளிலிருந்தே குதித்தாள். தூக்குக்குள் சுக்குத் தண்ணீர் சளப்பென்றது.

"டேய் வேணு! டேய்! எங்கடா எறா வலை? வலைய எங்க போட்டுட்டு இங்க வந்து நிக்கிற?"

என்ன பேசுகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. அவன் வாயிலிருந்து வருவதற்கு முன்னால் ஏதாவது ஒரு சத்தம் வர வேண்டும், அவ்வளவுதான். வேணு திரும்பினான். முகமெல்லாம் கண்ணீர்.

"சித்தி..." என்று ஆரம்பித்தான்.

அவள் அவன் கையைப் பிடித்துக் கிள்ளினாள், சதை பிய்கிற மாதிரி. "மூச்சு உடாத. அவன் எறங்கறவரைக்கும் வாயத் தெறக்காத. கீழ குனிஞ்சி மூஞ்சத் தொடச்சிக்கோ."

காஜா மெஷின் ரூமுக்கு ஓடினான். இருசம்மாள் வேலிக் கதவைத் திறந்துகொண்டு கம்பத்தடிக்குப் போய் நிமிர்ந்து பார்த்தாள். முதலில் மேகம்தான் தெரிந்தது. பிறகு மேகத்திலிருந்து இரண்டு கால்கள் வந்தன. பெல்பாட்டத்தை முழங்கால்வரை சுருட்டிக் கயிற்றால் கட்டியிருந்தான். இறங்க ஆரம்பித்துவிட்டான். அவள் அந்தக் கால்களையே பார்த்தபடி பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"யாரு? அம்மாவா?" மேலேயிருந்து குரல் வந்தது. "இன்னாமா நீ வந்துட்ட?"

"தண்ணி கொண்டாந்தேன்டா! மெதுவா எறங்கு!"

"நைனா எங்க?"

"தூங்கறாரு."

அவன் சிரிப்பது கேட்டது. "மார் வலின்னாரே, தேவலையா?"

"தேவல."

"சுக்குத் தண்ணி வச்சிக் குடுத்தியா?"

தூக்கின் சூடு அவள் விரல்களில் பட்டுக்கொண்டிருந்தது. "குடுத்தேன். குடிச்சாரு. பேசாம எறங்கு, ஈரத்துல வழுக்கும்."

"வூட்டாண்ட இன்னாமா கும்பலு? கொஞ்ச முன்ன மேகம் வெலகிச்சி, பாத்தேன். நம்ம வாசல்ல பொம்பளைங்களா நின்னுனு இருந்தாங்க."

வேணு அவளைப் பார்த்தான். இருசம்மாள் அவனைப் பார்க்காமலே சொன்னாள். "உங்க பெரியப்பா வலையில நல்ல மீனு. பங்கு பிரிக்கிறாங்க."

"இன்னா மீனு?"

"கொடுவா."

"நமக்குத் தலைய எடுத்து வையி!"

"வச்சிருக்குதுடா."

பொய் சொல்வது இவ்வளவு சுலபமாக இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை. வாய் அதுபாட்டுக்குச் சொன்னது. நெஞ்சுதான் ஒவ்வொரு பொய்க்கும் ஒரு தடவை நின்று நின்று போயிற்று.

பொன்னேரி வழியிலுள்ள காட்டூர்ப் பக்கமிருந்து ஜீப் மணலைக் கிழித்துக்கொண்டு வந்தது. ஹாரன் அலறியது. ஞானதாஸ் இறங்குவதற்குள் காஜா ஓடிப்போய் குறுக்கே நின்றான். இருசம்மாள் ஓரக்கண்ணால் பார்த்தாள். குடை பிடித்த, கண்ணாடி போட்ட மனுஷன், கம்பத்தைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. "அது யாரு மேல? யார் ஏத்தினது? மேல ஆள வச்சிக்கிட்டு..." என்று கத்திக்கொண்டே வேலிக்கு வந்தார். அவர் கோபத்தில் நியாயம் இருந்தது, அதை அவளால் மறுக்க முடியாது. ஆனால் அந்தக் குரலில் மாசியின் கால் ஒரு படியில் தடுமாறி நின்றுவிட்டது.

காஜா அவர் காதில் ஏதோ சொன்னான்.

ஞானதாஸ் திரும்பினார். இருசம்மாளின் பொட்டைப் பார்த்தார், பூவைப் பார்த்தார். பிறகு குடையை மடக்கிக் கீழே வைத்தார். தூறல் அவர் தலையிலும் விழுந்தது. "மெதுவா வரச் சொல்லுங்கம்மா," என்றார், மிகவும் தணிந்து. "என் சாவி என் பையிலதான் இருக்கு. நான் தொடமாட்டேன்." அப்படிச் சொன்னாலும் அவர் கண் கடல் பக்கமே போய்ப் போய் வந்தது. அலை வாயில் இரண்டு மரங்களைத் தள்ளத் தயாராக ஆட்கள் நிற்பது இங்கிருந்தே தெரிந்தது, பக்கத்துக் குப்பத்து ஆட்கள். அவர்களும் யாரோ ஒருத்தியின் பிள்ளைகள்தான். இருசம்மாளுக்கு அதுவும் நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது. அவசரப்படு என்று மகனிடம் சொல்லவும் முடியாது, அவசரப்படாதே என்று கடலிடம் சொல்லவும் முடியாது.

மாசி இறங்கவில்லை. நின்ற படியிலேயே கம்பத்தைக் கட்டிக்கொண்டிருந்தான்.

"அம்மா, எஞ்சினீரு வந்துட்டாரா? சாவி யாராண்ட கீது? நைனாவாண்டதானே?"

"என்னாண்ட கீதுடா."

"உன்னாண்டயா?" அவன் குரல் மாறியது. "ஆளு மேல கீறப்ப நைனா அத இடுப்புலேந்து கழட்டவே மாட்டாரே. யார் கேட்டாலும் குடுக்கமாட்டாரே. நெஜமாவா? காட்டு."

அவள் வலது கையை உயர்த்தினாள். சாவியின் தலைப்பகுதி மட்டும் விரல்களுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தது. கயிறு முழுவதும் முஷ்டிக்குள் இருந்தது. நகங்கள் உள்ளங்கையில் புதைய அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள், கஸ்தூரியின் மூக்குத்தி குத்திய அதே இடத்தில்.

"பாத்தியா? தூங்கறப்ப உறுத்தி உறுத்தி குத்துதுன்னு கழட்டிக் குடுத்தாரு. எறங்குடா ராஜா. தண்ணி ஆறிப்பூடும்."

அவன் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்த மாதிரி அவளுக்கு இருந்தது. பிறகு ஒரு கால் கீழ்ப்படிக்கு வந்தது. அடுத்த கால். அவன் முகம் தெரிய ஆரம்பித்தது. கண்ணப்பனின் மூக்கு, கண்ணப்பனின் தாடை, மழையில் நனைந்து. அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை எங்கிருந்து எடுத்தாள் என்று பின்னால் எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்திருக்கிறாள்.

கடைசிப் படி. மாசி நின்றான். நைனா கற்றுக்கொடுத்தது அது. கம்பம் செத்திருந்தாலும் உயிரோடு இருந்தாலும் கால் வைத்து இறங்காதே, இரண்டு காலையும் சேர்த்துக் குதி. அவன் கைகளை விட்டான். குதித்தான். ஈர மணல் தொம்மென்றது.

இருசம்மாள் முஷ்டியைத் திறந்தாள்.

சாவி. அதில் கோத்த கறுப்புக் கயிறு. பல வருஷ வியர்வையில் பளபளவென்று தேய்ந்த கயிறு. ஒரு முனையில் கத்தி பட்டுப் பிசிறாக அறுந்திருந்தது.

மாசி அதைப் பார்த்தான். அரைஞாண் கயிறு கட்டாதவன்தான், ஆனாலும் குப்பத்தில் பிறந்தவன். உயிரோடு இருக்கிறவன் இடுப்பில் அதை யாரும் அறுப்பதில்லை என்று அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"யாரும்மா அறுத்தது?"

"நான்தான்."

அவன் அதை அவள் கையிலிருந்து எடுத்துக்கொண்டான். சாவியைக் கயிற்றிலிருந்து அவிழ்க்கப் பார்த்தான். வலை முடிச்சு, நனைந்து இறுகிப்போயிருந்தது. நகத்தால் முடியவில்லை. குனிந்து பல்லால் கடித்து இழுத்தான். அவன் தோள் குலுங்கியது. முடிச்சு விட்டது. சாவியை ஞானதாஸின் கையில் வைத்தான். அவர் ஓடினார், காஜா அவருக்கு முன்னால் ஓடினான். கயிறு மாசியின் கையிலேயே இருந்தது.

மெஷின் ரூமில் ஏதோ உறுமி எழுந்தது. "வேலிய விட்டு வெளிய வாங்க!" என்று காஜா கத்தினான். வேணு இரண்டு பேரையும் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தான். கம்பத்துக்கு உயிர் வந்துவிட்டது. பார்த்தால் ஒன்றும் தெரியாது, அதே சிவப்பு வெள்ளை இரும்புதான்.

மூவரும் குப்பத்தைப் பார்த்து நின்றார்கள். கடலோரத்தில் தள்ளத் தயாராக நின்ற ஆட்கள் டிரான்சிஸ்டர் பேசியதைக் கேட்டு ஒருவர் பக்கம் ஒருவர் திரும்பினார்கள். ஒருவன் மரத்தை மறுபடி மேலே இழுக்கச் சொல்லிக் கையை ஆட்டினான்.

பிறகு காற்றில் வந்தது. முதலில் கஸ்தூரியம்மாளின் குரல். அதன்மேல் இன்னொன்று, இன்னொன்று. அடைத்து வைத்த அத்தனையும் ஒரே நேரத்தில் கூரையைப் பிய்த்துக்கொண்டு கிளம்பின. மாசி ஓடினான். சுருட்டிய பெல்பாட்டம் ஒரு காலில் அவிழ்ந்து மணலில் புரண்டது. அதைக்கூட அவன் பார்க்கவில்லை.

"வா சித்தி," என்று வேணு அழுதுகொண்டே கூப்பிட்டான்.

இருசம்மாள் கம்பத்தடியிலிருந்து எடுத்துவந்த தூக்கை இரண்டு கையாலும் மாரோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அது இன்னும் சூடாகவே இருந்தது.